இரண்டு மைதானமும் ஒரு கேடியும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சௌக்கியம். தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும், என் மூத்த மகளாக இருந்து இப்போது தங்கள் மருமகளாக இருப்பவளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் வலது முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். ‘நம்புகிறேன்’ என்ற சொல்லை ஒரே பத்தியில் இரண்டு முறை நான் எழுதுவது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதிலிருந்தே நான் என்ன நிலைமையில் இருக்கிறேன் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

முந்தாநாள் மாலை, பெண்கள் கோல்ஃப் சாம்பியன்ஷிப் குழுவின் செயலாளர் என்ற முறையில் தங்களிடம் ஏழு பக்கப் புகார் ஒன்றைக் கொடுத்திருந்தேன். இந்தக் கடிதம் செயலாளருக்கு அல்ல, சம்பந்திக்கு. ஆகவே தயவுசெய்து இதைக் குழுவில் வாசிக்க வேண்டாம், கோப்பில் சேர்க்க வேண்டாம், மேலே எண் போட வேண்டாம். அந்தப் புகாரை நான் திரும்பப் பெறுகிறேன். ஏன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். எழுதி முடித்தால் எனக்கும் விளங்கக்கூடும்.

இத்தனை வருடம் ஒரே மைதானத்தில் நடந்துவந்த போட்டியை இந்த முறை இரண்டு மைதானங்களில் நடத்தப்போகிறோம் என்று தாங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. தாங்கள் காரணமும் சொன்னீர்கள். ஆட வருகிறவர்கள் நூற்று முப்பத்திரண்டு பேர். எல்லோரையும் ஒரே மைதானத்தில் விட்டால் கடைசிப் பெண் முடிப்பதற்குள் இருட்டிவிடும். அதனால் முதல் நாள் பாதிப் பேர் ஏரி மைதானத்தில், பாதிப் பேர் மேட்டு மைதானத்தில். மறுநாள் இடம் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு நாள் கணக்கையும் கூட்டி, தேறுகிற அறுபது பேர் மட்டும் மூன்றாம் நாள் மேட்டு மைதானத்தில் ஆடுவார்கள். அதில் முதல் எட்டு பேருக்கு தேசியப் பயிற்சி முகாமில் இடம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. நான் முப்பத்தோரு வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவன். ஒரு கடையில் இரண்டு தராசு இருந்தால் ஒன்று வாங்குவதற்கு, இன்னொன்று விற்பதற்கு. இதற்கு விலக்காக ஒரு கடையை நான் பார்த்ததில்லை. ஏரி மைதானத்தில் ஐந்து குழிகளை ஒட்டித் தண்ணீர் நிற்கிறது. மேட்டு மைதானத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனால் காற்று அடிக்கிறது. முதல் நாள் மேட்டில் ஆடுகிறவர்களுக்குக் காற்று அடித்து, இரண்டாம் நாள் ஆடுகிறவர்களுக்கு அடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “காத்த நானா சம்பந்தி ஏற்பாடு பண்றேன்?” என்று தாங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று தாங்கள் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மனதில் ஒளித்துவைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் மீதே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் முதல்முறையாகத் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தங்கள் வீட்டு எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று தங்கள் துணைவியாரிடம் நான் சொன்னேன். அவர் அதை மனதில் வைத்திருக்கிறார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அந்தக் கோபத்தை என் சின்ன மகள் மேல் காட்டத்தான் இந்த இரண்டு மைதான ஏற்பாடு என்று நான் ஒரு கட்டத்தில் நினைத்தேன். அவள் கையில் முதல் மட்டையைக் கொடுத்ததே தாங்கள்தான் என்பதையும் யோசித்தேன். அதுவும் ஒருவேளை ஆறு வருடத் திட்டமாக இருக்கலாம் என்று தோன்றியது. மன்னிக்கவும்.

முதல் நாள் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பெரியவள் எனக்கு நேர அட்டவணையை அச்சடித்துக் கொடுத்துவிட்டாள். தங்கள் வீட்டிலிருந்து வருவதால் அது அதிகாரபூர்வமானது என்று எடுத்துக்கொண்டேன். அதில் சின்னவளுக்கு ‘மேட்டு மைதானம், டீ 7.42’ என்று போட்டிருந்தது. டீயை இவ்வளவு துல்லியமான நேரத்தில் கொடுக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். முதல் பந்தை அடிக்கும் இடத்துக்குத்தான் டீ என்று பெயர் என்பது ஆறு வருடமாக எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் காலை ஆறு மணிக்குக் காலி வயிற்றோடு படித்தால் தேநீர் என்றுதான் அர்த்தம் வருகிறது. அவளோ அன்றைக்கு என்னைக் கூப்பிடாமலே விடியும் முன் கிளம்பிப் போயிருந்தாள். ஆறே முக்காலுக்கு மேட்டு மைதானத்தில் போய் நின்றேன். ஏழு நாற்பத்திரண்டுக்கு மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரில் ஒருத்தியும் நான் பெற்றவள் இல்லை. சரி, தாமதம் என்று எட்டரை வரை நின்றேன். பெயர் கூப்பிடுகிற அம்மாளிடம் கேட்டேன். அந்த அம்மாள் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, “உங்க பொண்ணு இன்னைக்கு ஏரியில சார். போர்டுல போட்டிருக்கே, பாக்கலியா?” என்றார். “என்கிட்ட பேப்பர் இருக்கும்மா. இதுல மேடுன்னு இருக்கு,” என்றேன். “அந்த பேப்பர் நாங்க குடுத்தது இல்ல சார். எங்க பேப்பர் பச்சை கலரு,” என்றார். ஆக ஒரே போட்டிக்கு இரண்டு அட்டவணை! என் முதுகில் ரோமம் நின்றது. நான் நினைத்தது சரிதான்.

இரண்டு மைதானத்துக்கும் நடுவில் குழு விட்டிருக்கும் வேனைப் பற்றியும் புகாரின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது நிறைந்தால்தான் புறப்படும். அது நிறைவதற்கு இரண்டு பேர் குறைவாக இருந்தபோது ஏறியிருந்தவர்களில் ஒருவர் சிகரெட் பிடிக்க இறங்கினார், மூன்று பேர் குறைவாயிற்று. பத்து மணிக்குக் கிளம்பி, வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்ததில் கால் மணி நேரம் நின்று, பதினொன்றுக்கு ஏரி மைதானத்தில் இறங்கினால், என் பார்வையாளர் அட்டை மேட்டு மைதானத்துக்கு மட்டும்தான் செல்லுமாம். புது அட்டை வாங்கி உள்ளே போகப் பன்னிரண்டு ஆகிவிட்டது. எப்படியும் கடைசிக் குழியில் வந்து முடித்துத்தானே ஆகவேண்டும் என்று பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணிக்கு விசாரித்தால், அவள் பத்தாவது குழியில் தொடங்கி ஒன்பதாவது குழியில் முடித்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டாளாம். பாதிப் பேர் ஒன்றிலிருந்தும் பாதிப் பேர் பத்திலிருந்தும் தொடங்குவார்களாம், அப்போதுதான் நேரம் மிச்சமாகுமாம். சம்பந்தி, பத்திலிருந்து எண்ணத் தொடங்கி ஒன்பதில் முடிக்கிற வழக்கத்தை நான் ஒரே ஒரு மளிகைக் கடையில் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்கு நான்தான் சீல் வைத்தேன்.

திரும்பி வரும் வழியில் வேன் டிரைவர் இன்னொரு குண்டைப் போட்டார். “உங்க பொண்ணுதானே சார், நீலத் தொப்பி? நல்லா ஆடுது சார். கூட ஒரு கேடி வருதே, அதுகிட்ட பேசிச் சிரிச்சிக்கிட்டேதான் நடக்குது,” என்றார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவருக்குக் கோல்ஃபில் கேடி என்று பெயர். காவல் நிலையச் சுவரில் படம் ஒட்டப்படுகிறவர்களுக்கும் நம் ஊரில் அதே பெயர்தான். ஒரு விளையாட்டு தன் ஆட்களுக்குத் தானே இப்படிப் பெயர் சூட்டிக்கொண்டால் என்னைப் போன்றவன் என்ன நினைப்பது? என் மகள் இதுநாள்வரை பையைத் தானே தூக்கித்தான் ஆடியிருக்கிறாள். “அந்தக் கேடி எப்படி இருந்தான்?” என்றேன். “ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல சார். மூக்கு வரைக்கும் தொப்பி, பெரிய கறுப்புக் கண்ணாடி. கழுத்துல துண்டு. ஆனா உங்க பொண்ணுகூட ரொம்ப நாள் பழக்கம் மாதிரி இருந்துச்சு,” என்றார். அதற்குமேல் எனக்கு வெளியே தெரிந்த மரம் எதுவும் மரமாகத் தெரியவில்லை.

வீட்டில் சின்னவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “எங்கப்பா போனீங்க?” என்றாள். நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. விசாரணையில் இருக்கிறவரிடம் விசாரணை நடப்பதைச் சொல்லக் கூடாது. “நாளைக்கு எங்க ஆட்டம்?” என்று மட்டும் கேட்டேன். “மேட்டு மைதானம்,” என்றாள். என் மனைவியும், “ஆமா, மேடுதான்,” என்றாள். அன்றைய ஆட்டத்துக்கும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மேடு என்றார்கள், ஏரியாக இருந்தது. நாளைக்கும் மேடு என்கிறார்கள் என்றால் அதுவும் ஏரியாகத்தான் இருக்க வேண்டும். முதல் நாள் ஏரியில் ஆடியவள் மறுநாள் மேட்டில் ஆடவேண்டும் என்பது தாங்கள் சொன்ன விதி. ஆனால் விதி சொன்னவர் மீதே சந்தேகம் இருக்கும்போது விதியை வைத்து என்ன கணக்குப் போடுவது? ஒரே முட்டாள்தனத்தை இரண்டு தடவை செய்கிற ஆள் நான் இல்லை என்று மறுநாள் காலை நேரே ஏரி மைதானத்துக்குப் போனேன்.

அன்றைக்கு அவள் நிஜமாகவே மேட்டு மைதானத்தில்தான் ஆடினாள். ‘உண்மையைச் சொல்லிடு, அப்பா நம்பவே மாட்டாரு’ என்று முந்தின நாள் தொலைபேசியில் யோசனை சொன்னது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஏரியில் ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் நின்று, அடுத்த கும்பல் அவளுடையதாக இருக்கும், அடுத்த கும்பல் அவளுடையதாக இருக்கும் என்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். சும்மா நிற்பானேன் என்று ஒரு யோசனை வந்தது. கோல்ஃப் குழியின் விட்டம் நூற்றெட்டு மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே அளவு. என் சட்டைப் பையில் என் பழைய துணி டேப் இருந்தது. ஒரு கும்பல் போய் அடுத்த கும்பல் வருவதற்கு நடுவில் ஒரு எட்டு உள்ளே போய் மண்டியிட்டு அளந்தேன். நூற்றாறு! மறுபடி குறுக்காக அளந்தேன். நூற்றாறு. இரண்டு மில்லிமீட்டர் கொள்ளை. ஒரு மைதானத்தில் நூற்றெட்டு, இன்னொன்றில் நூற்றாறு! வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று! நான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி, “ஆட்டத்தை நிறுத்துங்க!” என்று கத்தினேன். பதினோரு நிமிடம் நிறுத்தினார்கள். தூரத்தில் பந்தின் மேல் குனிந்து நின்ற ஒரு பெண் அப்படியே சிலை மாதிரி நின்றுவிட்டாள். பிறகு அந்தப் பெண் தொடர்ந்து நன்றாக ஆடினாளா என்று தாங்கள் விசாரித்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நடுவர் வந்தார். கூடவே அந்த மைதானத்தின் புல்லைக் கவனித்துக்கொள்கிற பெரிய ஆள் வந்தார், எல்லோரும் அவரை ‘புல்லு மாஸ்டர்’ என்கிறார்கள். அவர் பையிலிருந்து ஒரு பித்தளை வளையத்தை எடுத்துக் குழியில் இறக்கினார். வளையம் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. “நூத்தெட்டு சார்,” என்றார். நான் என் டேப்பை நீட்டினேன். அவர் அதை வாங்கி, நடுவர் கையில் இருந்த இரும்பு டேப்போடு ஒட்டிப் பிடித்தார். சம்பந்தி, என் டேப் இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்தது. முப்பத்தோரு வருடம் அடுத்தவன் அளவுகோலில் குற்றம் கண்டவன் கையில் இருந்த டேப்! புல்லு மாஸ்டர் சிரிக்கவில்லை. அதைச் சுருட்டி என் பையிலேயே வைத்துவிட்டு, “துணி டேப்புன்னா அப்படித்தான் சார், வயசாச்சுன்னா தளர்ந்துடும்,” என்று மெல்லச் சொன்னார். டேப்பைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகு மனிதன் சும்மா இருந்திருக்க வேண்டும். எனக்கோ அவமானத்தில் சந்தேகம் இரண்டு மடங்கானது. அங்கேயே உணவகத்து மேசையில் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதி, நகல் எடுத்துக்கொண்டு, அசலைத் தங்கள் அலுவலகத்தில் தங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தாங்கள் அப்போது என்னைப் பார்த்து, “காபி சாப்பிடுங்க சம்பந்தி,” என்று சொன்ன குரலில் ஒரு இரக்கம் இருந்தது. அதையும் நகலில் பென்சிலால் குறித்துவைத்தேன்.

கூடத்தில் சின்னவள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரியவள். அவள் எப்போது வந்தாள் என்று கேட்க எனக்கு நேரமில்லை. “உக்காருங்க ரெண்டு பேரும். நான் இப்ப ஒண்ணு படிக்கப்போறேன். கேட்டுட்டு சின்னவ கையெழுத்துப் போடணும்,” என்று நகலை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கம் அமைதியாகக் கேட்டார்கள். வேனைப் பற்றிய பக்கம் வந்தபோது பெரியவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான்காம் பக்கத்தில், ‘மூக்கு வரை தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, என் மகளின் அப்பாவித்தனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அந்த மர்மக் கேடி யார் என்பதைக் குழு உடனடியாகக் கண்டறிந்து, அந்த நபரின் குடும்பப் பின்னணியை விசாரித்து’ என்று வந்தபோது, பெரியவள் தரையில் சரிந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி வந்து, “சொல்லிடுங்கடி. இன்னும் மூணு பக்கம் இருக்கு, பாவம்,” என்றாள்.

சம்பந்தி, அந்தக் கேடி தங்கள் வீட்டு மருமகள். ‘உண்மையைச் சொல்லிடு’ என்று தொலைபேசியில் யோசனை சொன்னவளும் அவளே. குடும்பப் பின்னணியை விசாரிக்க வேண்டாம், நானேதான்.

பெரியவள் சிரித்தாலும் சின்னவள் சிரிக்கவில்லை. அவள் வெந்நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, பேப்பர மாத்தி அடிக்கச் சொன்னது நான்தான். அக்கா மேல கோபப்படாதீங்க,” என்றாள். “ஏன்?” என்றேன். “ரெண்டு மைதானம்னு சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? எல்லாரும் வேன்ல அலையணுமேன்னு அழுதாங்க. நான் மட்டும், நீங்க ஒரு மைதானத்துல இருந்தா நான் இன்னொண்ணுல இருக்கலாம்னு நெனச்சேன்.” அவள் தொடர்ந்தாள். “போன வருஷம் கடைசிக் குழியில நான் பந்த தட்டப் போறப்ப நீங்க பின்னாடி நின்னு தொண்டையைச் செருமினீங்க. ஞாபகம் இருக்கா? சின்னத் தூரம்ப்பா, ரெண்டு அடி. குழிக்குள்ள போகல.” நான், “நான் சும்மாதாம்மா செருமினேன்,” என்றேன். “தெரியும்ப்பா. ஆனா நீங்க அப்படிப் பாத்தா, நான் ஏதோ எடையில திருடுற மாதிரி இருக்கு. கை நடுங்குது.”

நான் கடைக்குள் நுழைந்து ஒரு தடவை தொண்டையைச் செருமினால் தராசு பிடித்திருக்கிற கை நடுங்கும். அது எனக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தப்புச் செய்யாதவன் கையும் நடுங்கியிருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நான் நகலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். “இன்னைக்கு எப்படி ஆடின?” என்று கேட்டேன். இரண்டு நாளில் அவளிடம் நான் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. “பதினோராவது இடம்ப்பா. நாளைக்கும் ஆட்டத்துல இருக்கேன்,” என்றாள்.

நேற்று, மூன்றாம் நாள், ஆட்டம் மேட்டு மைதானத்தில் மட்டும் என்பது எனக்கு ஐயம் திரிபறத் தெரியும். போர்டைப் பார்த்தேன், பச்சைத் தாளைப் பார்த்தேன், தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தும் கேட்டேன். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஏரி மைதானத்துக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை, அவள் இருக்கிற இடத்துக்குப் போகவும் கூடாது, கால் வேறு எங்கே போகும்?

அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். புல்லு மாஸ்டர் மட்டும் ஒன்பதாவது குழியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, “ஆட்டம் அங்கதானே சார் இன்னைக்கு? மறுபடி மாறி வந்துட்டீங்களா?” என்றார். “இல்ல. தெரிஞ்சுதான் வந்தேன்,” என்றேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். “டேப் வீட்டுல இருக்கு,” என்றேன். “அப்ப வாங்க, நடக்கலாம்,” என்றார். அவரிடம் விஷயத்தைச் சொல்வதாக நான் நினைக்கவில்லை, ஆனால் மூன்றாவது குழி வருவதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். எப்படி என்று தெரியவில்லை. அவர் கேள்வியே கேட்காத மனிதர். கேள்வி கேட்காதவரிடம் இவ்வளவு விஷயம் வெளியே வரும் என்று தெரிந்திருந்தால் நான் வேலையையே வேறு மாதிரி பார்த்திருப்பேன்.

அவர் ஒன்று சொன்னார். “ரெண்டு மைதானம்னதும் எங்களுக்குத்தான் சார் பயம். தினம் விடியக்காலம் நானும் மேட்டு மைதானத்து ஆளும் போன்ல பேசிப்போம். அங்க பந்து எத்தனை அடி உருளுதோ இங்கயும் அத்தனை அடி உருளணும். அவரு ஒரு தடவை புல்லு வெட்டினா நானும் ஒரு தடவை. அங்க பந்து வேகமா ஓடுச்சுன்னா நான் இங்க ரோலர கூடுதலா உருட்டுவேன். இல்லன்னா ஏதோ ஒரு பொண்ணுக்கு அநியாயம் ஆயிடும்ல?” சம்பந்தி, இரண்டு தராசையும் ஒன்றாக வைத்துக்கொள்ள விடியும் முன் எழுந்து பாடுபடுகிற ஒரு கடையை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். நான் உடனே நம்பிவிடவில்லை. மேட்டு மைதானத்து ஆளின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினேன். பந்து உருளும் தூரம் இத்தனை அடி என்று அவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றே. அதற்குப் பிறகு நம்பினேன்.

புல்லு மாஸ்டரின் செல்பேசியில் அங்கே நடக்கிற கணக்கு குழிக்குக் குழி வந்துகொண்டிருந்தது. அவள் அங்கே ஐந்தாவது குழியில் ஆடும்போது நாங்கள் இங்கே ஐந்தாவது குழியில் நின்றோம். அவர்தான் அப்படி ஏற்பாடு செய்தார். “நாலு அடியில முடிச்சிட்டாங்க சார், நாமளும் போவோம்,” என்பார். நாங்கள் அடுத்த குழிக்கு நடப்போம். ஒன்பது முடிந்தபோது அவள் ஆறாவது இடம். பதினைந்து முடிந்தபோதும் ஆறாவது. பதினாறில் அவர் செல்பேசியைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “என்ன?” என்றேன். “மணல்ல விழுந்துடுச்சு சார். ரெண்டு அடி வீணாப் போச்சு. ஒன்பதாவது இடம்,” என்றார். எட்டு பேருக்குத்தான் முகாமில் இடம். எனக்குத் தொண்டையைச் செருமத் தோன்றியது. இங்கிருந்து அவள் காதுக்கு எட்டாது என்று தெரிந்தும் நான் செருமவில்லை. பதினேழில் மாற்றம் இல்லை. பதினெட்டாவது குழியில் வெறும் கொடி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புல்லு மாஸ்டர் போய் அந்தக் கொடியைப் பிடுங்கி, ஆட்டம் நடக்கும்போது பிடிப்பதுபோலவே தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றேன். இருவரும் ஒரு காலிக் குழியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. செல்பேசி ஒரு முறை சிணுங்கியது. அவர் பார்த்தார். கொடியை அப்படியே புல்லில் எறிந்துவிட்டு, “போட்டுட்டாங்க சார்! இருபது அடி தூரம்! ஏழாவது இடம்!” என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தன் புல்லின் மேல் கொடியை எறிந்ததற்காக அவர் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் வருத்தப்பட்டார். சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு நான் கொஞ்சம் அழுதேன். இது சம்பந்திக்கு மட்டும்.

ஆகவே எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவுகள்: புகாரின் ஏழு பக்கங்களையும் திரும்பப் பெறுகிறேன். தங்கள் வீட்டு எடை இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன், ஒன்றரைக் கிலோ வித்தியாசம் இருப்பது உண்மை என்றாலும். இனி என் மகள் ஆடுகிற மைதானத்தில் நான் கால் வைக்கப்போவதில்லை. சம்பந்தியாகத் தங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வருடமும் போட்டியைத் தவறாமல் இரண்டு மைதானங்களில் நடத்துங்கள், முடிந்தால் மூன்றாம் நாளையும் இரண்டாகவே பிரியுங்கள். நூற்று முப்பத்திரண்டு பெண்கள் ஆடுகிறார்கள் என்றால் நூற்று முப்பத்திரண்டு அப்பாக்கள் இருப்பார்கள். அவர்களையும் எங்கேயாவது நிறுத்திவைக்க வேண்டும் அல்லவா? தாங்கள் ஆரம்பத்தில் சொன்ன காரணத்தைவிட இது பலமான காரணம் என்பது என் தாழ்மையான கருத்து.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கும், மூன்று நாள் பை தூக்கித் தோள் வீங்கிப்போயிருக்கும் தங்கள் மருமகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். அவளை இரண்டு நாளாவது அடுப்பு வேலையிலிருந்து விடுவிக்கவும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், படியேறுவதைக் குறைத்துக்கொள்ளவும். தங்கள் இல்லத்தில் எல்லாம் அளவோடு நிறைந்திருக்க வாழ்த்துகிறேன்.

என்றும் தங்கள் நன்மையை நாடும்,
சம்பந்தி
(எடை அளவை ஆய்வாளர், ஓய்வு)

பி.கு.: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது சின்னவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். “நேத்து ஏன்பா வரல?” என்றாள். நான் பசையைக் கீழே வைத்துவிட்டு, “நீதானம்மா சொன்ன, நான் வந்தா கை நடுங்குதுன்னு,” என்றேன். “நடுங்குதுன்னுதான் சொன்னேன். வராதீங்கன்னு எப்ப சொன்னேன்? பதினாறுல அடிக்கிறதுக்கு முன்னாடி, எங்கயாவது மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறீங்களான்னு கூட்டத்தையே பாத்துட்டிருந்தேன். அதுலதான் மணல்ல போச்சு,” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இதை அவளாகத்தான் சொன்னாளா, பெரியவள் சொல்லிக்கொடுத்துச் சொன்னாளா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தங்கள் மருமகளிடம் நாசூக்காக விசாரித்து எழுதவும். எதுவானாலும், நான் வந்தாலும் இரண்டு அடி போகிறது, வராவிட்டாலும் இரண்டு அடி போகிறது. ஆகவே மேலே கேட்டுக்கொண்டதையெல்லாம் அடித்துவிட்டு, அடுத்த வருடம் போட்டியை ஒரே மைதானத்தில் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். போகிற அந்த இரண்டு அடியை நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன்.